வடக்குப் படிகளில் ஒரு சத்தம்

ஜேர்மனிக்கு வந்த முதல் ஆண்டுகளில் எனக்குத் தெரிந்த ஜேர்மன் சொற்கள் எல்லாம் அரசாங்க அலுவலகங்களில் கேட்ட கந்தோர்ச் சொற்கள். ஆன்ட்ராக் என்றால் விண்ணப்பம். டெர்மின் என்றால் இன்ன திகதி இன்ன மணிக்கு வந்து நில் என்று பொருள். கந்தோருக்கு வெளியே எனக்குள் இறங்கிய முதல் பெரிய சொல் அப்ஸ்டீக். கீழே இறங்குவது. உதைபந்தாட்டத்தின் முதற்பிரிவில் பதினெட்டுக் கழகங்கள். பருவம் முடியும்போது கடைசி மூன்று இடங்களில் நிற்பவை இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்படும். அந்தத் தள்ளலுக்குப் பெயர்தான் அப்ஸ்டீக். அதை நான் முதலில் கேட்டது எங்கள் தொழிற்சாலையில் ஸ்டாப்லர் ஓட்டியவரின் வாயிலிருந்து.

எசன் நகரத்துக்குப் பக்கத்தில் கதவுப் பூட்டுகள் செய்யும் தொழிற்சாலை அது. பூட்டுகளைத் திறப்புகளோடு சேர்த்துப் பெட்டியில் அடுக்கி ஒட்டுவது என் வேலை. அடுக்கிய பெட்டிகளை ஸ்டாப்லர் என்னும் பாரம் தூக்கும் வண்டியால் எடுத்துப் போய் லொறியில் ஏற்றுவது அவருடைய வேலை. வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. முன்பு நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். அதை மூடிய பிறகு இங்கே வந்தார். அதிகம் கதைக்கமாட்டார். ஜேர்மன் மொழியில் நாங்கள் ஒருவரை ஒருவர் நீ என்றுதான் அழைத்துக்கொள்வோம். தமிழில் நினைக்கும்போது மட்டும் எனக்கு அவர் 'அவர்'தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். வெளிநாட்டவர் இருந்த வீடுகளுக்கும் அகதிகள் தங்கிய ஹைம் என்னும் விடுதிகளுக்கும் தீ வைத்த செய்திகள் அடுத்தடுத்து வந்துகொண்டிருந்தன. எங்கள் வீடு மூன்றாம் மாடியில், மரப்படிகளுள்ள பழைய கட்டடத்தில். மகளுக்கு ஒன்றரை வயது. நான் யாரிடமும் பயத்தைப் பற்றிப் பேசியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் எங்கள் கதவைத் தட்டினார். ஒரு கையில் கயிற்றேணி, மற்றக் கையில் துளை போடும் மெஷின். படுக்கையறை யன்னலுக்குக் கீழே இரண்டு பெரிய கொளுக்கிகளைச் சுவரில் இறுக்கினார். என் மனைவியிடம் ஒருமுறை இறங்கிப் பார்க்கச் சொன்னார். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. தன் பெரிய உடம்போடு தானே யன்னலால் ஏறி, முற்றம் வரை இறங்கிக் காட்டினார். பிறகு படியேறி வந்து தேநீர் குடித்தார். போகும்போது தன் தொலைபேசி எண்ணை எழுதி வைத்துவிட்டு, எந்த நேரமானாலும் அடிக்கச் சொன்னார். அவர் போன பிறகு மனைவி வெகுநேரம் அந்தக் கொளுக்கிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த மனிதரைப் பற்றித்தான் நான் சொல்ல வருகிறேன். அதனால்தான் ஏணியை முதலில் சொன்னேன்.

அவரும் அவருடைய தம்பியும் இருபது வருடமாக எங்கள் பகுதிக் கழகத்தின் பருவச்சீட்டு வைத்திருந்தார்கள். மைதானத்தின் வடக்குப் பக்கம், கோலுக்குப் பின்னால், நின்று பார்க்கும் படிகள். தம்பிக்கு ஹனோவரில் வேலை கிடைத்துப் போனதும் ஒரு சீட்டு சும்மா கிடந்தது. நான் ஊரில் எங்கள் தேவாலயப் பங்கு அணிக்கு இடது பின்காப்பு ஆடியவன் என்று எப்போதோ சொல்லியிருந்தேன். அதை நினைவில் வைத்திருந்து, ஓகஸ்ட் மாதம் ஒரு நாள் இடைவேளையில், "சனிக்கிழமை வாறியா?" என்று கேட்டார்.

முதல் ஆட்டத்திலேயே வென்றோம். நாங்கள், எங்கள் என்று நானும் சொல்லத் தொடங்கியது அன்றுதான். கழகம் அந்தக் கோடையில் ஒரு புது முன்கள ஆட்டக்காரரை எடுத்திருந்தது. மேற்கு ஆபிரிக்காவிலிருந்து பெல்ஜியம் வழியாக வந்தவர். மெலிந்த கால்கள். பந்து காலில் படும் முன்னரே உடம்பு திரும்பிவிடும். இலையுதிர்காலம் முடிவதற்குள் ஏழு கோல்கள் அடித்தார். ஒவ்வொரு கோலுக்கும் வடக்குப் படிகள் முழுவதும் அவருடைய பெயரைச் சொல்லிப் பாடின. ஒருமுறை ஸ்டாப்லர்காரர் என்னை இடுப்பில் பிடித்து ஒரு பெட்டியைத் தூக்குவதுபோலத் தூக்கி இறக்கினார். வெளியூர் மைதானம் ஒன்றில் அந்த ஆட்டக்காரருக்குப் பந்து போன போதெல்லாம் சனங்கள் குரங்குபோலச் சத்தம் போட்டார்கள். வாழைப்பழமும் எறிந்தார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த ஸ்டாப்லர்காரர் திங்கட்கிழமை முழுவதும் பொரிந்துகொண்டிருந்தார். அவங்கள் மனிசரே இல்லை என்றார்.

பனிக்காலம் வந்தது, எல்லாம் பிழையாகப் போனது. நடுக்கள ஆட்டக்காரருக்கு முழங்கால் உடைந்தது. பயிற்சியாளரை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் விலக்கினார்கள். பின்னேரம் புதியவர் வந்து பயிற்சி நடத்தினார். அவரும் வெல்லவில்லை. எங்கள் முன்கள ஆட்டக்காரருக்குக் கோல் வருவது நின்றுபோனது. பெப்ரவரியில் பதினான்காம் இடம், மார்ச்சில் பதினாறாம் இடம். பதினாறு என்றால் கீழே. தொழிற்சாலையில் பிரித்து வைத்த பத்திரிகையில் புள்ளிப்பட்டியலைத்தான் எல்லோரும் முதலில் பார்த்தார்கள். சந்தியிலுள்ள பேக்கரிக்காரி பாணைத் தரும்போது கழகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தரமாட்டாள். நானும் ஞாயிறு பூசையில் வேறெதையோ மன்றாடத் தொடங்கி, கடைசியில் இதில் வந்து முடிப்பேன். அப்படி நெஞ்சோடு ஒட்டிப்போயிருந்தது.

ஏப்ரலில் அந்த ஆட்டம். எதிரணியும் எங்களைப்போலவே கீழே கிடந்த அணி. யார் தோற்றாலும் எழும்புவது கடினம். காலையிலிருந்து மழை பெய்து நின்றிருந்தது. ஒன்றுக்கு ஒன்று. முடிய ஐந்து நிமிடம் இருக்க, எங்களுக்குப் பெனால்ட்டி. எங்கள் படிகளுக்கு முன்னிருந்த கோலில், கண்ணுக்கு நேரே. முன்கள ஆட்டக்காரர் பந்தை எடுத்துச் சட்டையில் துடைத்துப் புள்ளியில் வைத்தார். ஸ்டாப்லர்காரர் என் தோளை இறுகப் பிடித்திருந்தார். எனக்கு நொந்தது.

பந்து கோலுக்கு மேலால் போய் எங்கள் படிகளிலேயே வந்து விழுந்தது.

சுற்றிலும் எல்லோரும் திட்டினார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் ஏதோ திட்டினேன். பிறகு எங்களுக்குப் பின்னால் மேற்படிகளில் அந்தச் சத்தம் தொடங்கியது. தொண்டைக்குள்ளிருந்து வரும், ஊ ஊ என்ற சத்தம். எங்கள் சொந்த ஆட்டக்காரருக்கு எங்கள் சொந்தப் படிகளில் இருந்து. யார் என்று திரும்பிப் பார்க்கத்தான் நினைத்தேன். அதற்குள் அது என் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. ஸ்டாப்லர்காரர் என் தோளை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் வாயைச் சுற்றிக் குவித்து, அதே சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஒரு சொல்லையும் கத்தினார். கறுப்பு மனிதரைக் கேவலப்படுத்தச் சொல்லும் சொல். பிறகு, வந்த இடத்துக்கே போ என்றார்.

அவருடைய முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கழுத்து நரம்புகள் புடைத்து, வாய் கோணி, அந்த உடம்புக்குள் வேறு யாரோ புகுந்து நின்றதுபோல இருந்தது. எங்களுக்கு முன்படியில் நின்ற ஒருவன் திரும்பினான். அவன் ஸ்டாப்லர்காரரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். என் முகத்தையும் நிறத்தையும் கண்டதும் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டான். அந்தப் பார்வையில்தான் எனக்குச் சுட்டது. அந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடுவில் நான் யார் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்றே முடிந்தது. ஸ்டாப்லர்காரர் களைத்துப்போய் வழமையான முகத்தோடு என் முதுகில் கையை வைத்து, "முடிஞ்சுது தோழா" என்றார். அந்தக் கையைத் தட்டிவிட என்னால் முடியவில்லை. ட்ராமில் அவருக்குப் பக்கத்தில் இருந்துதான் வீட்டுக்கு வந்தேன். வழியில் அவர் பை நிறைய வைத்திருந்த இனிப்பில் ஒன்றை மகளுக்கென்று தந்தார். அதையும் வாங்கினேன்.

மனைவி அடுக்களையில் மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். நான் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதவடியில் நின்றபடி நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். கடைசி ஐந்து நிமிடம், பெனால்ட்டி, அந்தக் காப்பிலி மேலாலை அடிச்சுப்போட்டான், உடனே இந்த மனிசன்...

அவள் கரண்டியைக் கோப்பையில் வைத்தாள்.

"என்ன சொன்னனீங்கள்?"

"இந்த மனிசன் குரங்கு மாதிரிக் கத்தினவர் எண்டு சொல்லுறன்."

"அது இல்லை. அந்தப் பெடியனை நீங்கள் என்னெண்டு சொன்னனீங்கள்?"

நான் சொன்னது எனக்கு அப்போதுதான் கேட்டது. காப்பிலி. ஊரிலிருந்து கொண்டுவந்த சொல். ஹைமில் இருந்த காலத்தில் நாங்கள் பதினைந்து இளைஞர்கள் எத்தியோப்பியனையும் கொங்கோக்காரனையும் அந்தச் சொல்லால்தான் குறிப்போம். அவர்களுக்கு விளங்காது என்ற தைரியத்தில் முன்னால் வைத்தே சொல்வோம். அவர்களோடு ஒரே அடுப்பில் சமைத்தோம், ஒரே வரிசையில் நின்றோம். அப்படியிருந்தும் அது ஒரு வசைச்சொல் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

என் மனைவி அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தாள். அவளோடு வேலை செய்த கானா நாட்டுப் பெண் ஒருத்திதான் எங்கள் மகளுக்குத் தள்ளுவண்டி கொடுத்தவள். "அவளுக்கு முன்னாலையும் நீங்கள் உப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு நிண்டனீங்களோ?" என்று மனைவி கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. அறிய விரும்புபவள்போலக் கேட்டாள். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல ஏலவில்லை. அன்று எனக்கு இரண்டு அடி. முதலாவது மைதானத்தில். எது பெரிதென்று அப்போது தெரியவில்லை.

திங்கட்கிழமை அவர் வழமைபோல என் கோப்பையிலும் கோப்பி ஊற்றி வைத்திருந்தார். குடித்தேன். அடுத்த சொந்த மைதான ஆட்டத்துக்கு மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் போகவில்லை. அதற்கடுத்த கிழமை அவர் ஸ்டாப்லரை என் மேசைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு இறங்கினார். பிள்ளைக்கு எப்படி என்று கேட்டார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றேன். அப்ப என்ன என்று கேட்டார்.

என் ஜேர்மன் அப்போது சிறு துண்டுகளாகத்தான் வரும். "நீ கத்தினனி. குரங்குச் சத்தம். நான் உனக்குப் பக்கத்திலை நிண்டனான்" என்றேன்.

"எப்ப?" என்றார்.

நான் பெனால்ட்டியைச் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். தனக்கு நினைவில்லை என்றார். மைதானத்தில் எல்லோரும்தான் கத்துவார்கள், நடுவரைப் பார்த்துக் கத்துவார்கள், பயிற்சியாளரைப் பார்த்துக் கத்துவார்கள், அது உதைபந்தாட்டம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது உனக்குச் சொன்னதில்லை. நீ வேறை" என்றார்.

நான் வேறு இல்லை என்று சொல்லத் தேவையான ஜேர்மன் என்னிடம் இருந்தது. சின்ன வசனம்தான். ஆனால் அதைச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறதா என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. வீட்டு அடுக்களையில் நான் சொன்ன சொல் அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நான் பெட்டியை ஒட்டினேன். அவருடைய முகம் சிவந்தது. வண்டியில் ஏறிப் போனார். பிறகு இரண்டு கிழமை எங்களுக்குள் பேச்சில்லை. என் பெட்டிகளை மட்டும் மற்றவர்களுடையதைவிட மெதுவாகத் தூக்கினார்.

பருவத்தின் கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில். வென்றால் தப்பலாம். வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் என் உடுப்புப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே அவருடைய தம்பியின் பருவச்சீட்டு கிடந்தது. கடிதம் ஒன்றும் இல்லை. வீட்டில் சொன்னேன். மனைவி, "போங்கோ. போய் நிண்டு பாருங்கோ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

போனேன். அவர் வழமையான படியில் நின்றார். ஒதுங்கி இடம் விட்டார். முன்கள ஆட்டக்காரரை அன்று முதலில் இறக்கவில்லை. இரண்டாம் பாதியில், பூச்சியத்துக்கு ஒன்று என்று பின்னால் நின்றபோது, அவர் எல்லைக்கோட்டுக்கு வந்து நின்றார். பெயரைச் சொல்லிப் பாடிய அதே படிகள் விசிலடித்தன. மேலேயிருந்து அந்தச் சத்தம் மீண்டும் தொடங்கியது. நான் ஆட்டத்தை விட்டு ஸ்டாப்லர்காரரைப் பார்த்தேன். இரண்டு கைகளும் கால்சட்டைப் பைக்குள். வாய் மூடியிருந்தது. மற்றவர்களை நிறுத்தச் சொல்லவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. நானும் திரும்பவில்லை. இரண்டு பெரிய ஆண்பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் கேட்பதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

தோற்றோம். விசில் ஊதியதும் எங்கள் ஆட்டக்காரர்கள் நின்ற இடத்திலேயே இருந்துவிட்டார்கள். கொடி சுற்றியிருந்த ஒரு கிழவர் படியில் குந்தி அழுதார். மேலேயிருந்து போத்தல்களும் காலணிகளும் பறந்தன. ஒரு தகப்பன் தன் பிள்ளையின் தலைக்கு மேல் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடினான். கம்பிவலையைப் பிடித்து ஆட்டினார்கள். பொலிஸ் நாய்கள் வந்தன. ஊரில் சனம் சிதறி ஓடுவதைப் பார்த்தவன்தான் நான். ஒரு விளையாட்டுக்காக இப்படி ஆகும் என்று நினைத்ததில்லை. ஸ்டாப்லர்காரர் என் கையைப் பிடித்துப் பக்கவாசலால் வெளியே கொண்டுவந்தார். தெருவில் வந்து நின்ற பிறகு, "இருபது வரியமா அங்கை நிக்கிறன். இண்டைக்குத்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டன்" என்றார்.

நான் தலையாட்டினேன். அது மன்னிப்பா என்று எனக்கு விளங்கவில்லை.

ஜூன் மாதம் எனக்கு வெளிநாட்டவர் கந்தோரில் ஒரு டெர்மின். விசா நீடிக்க வேண்டும். எண் துண்டை எடுத்துக்கொண்டு நீளமான மர வாங்கில் போய் இருந்தேன். பக்கத்தில் ஒருவர் தொப்பியை இறக்கிவிட்டுக் குனிந்திருந்தார். கையில் என்னைப்போலவே ஒரு எண் துண்டு. அந்த மெலிந்த கால்களைப் பார்த்ததும் எங்கள் முன்கள ஆட்டக்காரர் என்று தெரிந்தது. பக்கத்திலிருந்து பார்க்க மிகவும் இளையவர். கன்னத்தில் முகப்பரு. கழகம் ஒப்பந்தத்தை நீடிக்கவில்லை என்று பத்திரிகையில் வாசித்திருந்தேன். ஆனாலும் அத்தனை ஆயிரம் பேர் பெயர் சொல்லிப் பாடிய ஒருவர் இந்த வாங்கில் எண் துண்டோடு இருப்பார் என்று நான் நினைத்திருக்கவில்லை.

வணக்கம் சொன்னேன். ஆட்டங்களுக்கு வந்தவன் என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"வடக்கு."

அவர் மெல்லத் தலையாட்டினார். அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேட்பார் என்று பயந்தேன். நான் கத்தவில்லை என்று சொல்ல ஆயத்தமாக இருந்தேன். அவர் கேட்கவில்லை. கையால் தரையில் கோடு போடுவதுபோலக் காட்டிக்கொண்டு அந்தப் பெனால்ட்டியைப் பற்றிச் சொன்னார். வலது மூலைக்குத் தாழ்வாகத்தான் அடிக்க நினைத்தாராம். ஊன்றிய கால் ஈரப் புல்லில் சறுக்கிவிட்டதாம். சத்தம் போட்டதைப் பற்றி எல்லாப் பத்திரிகைக்காரரும் கேட்டார்கள், காலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை என்றார். "நீ வடக்கிலை நிண்டனி எண்டால் கண்டிருப்பாய்" என்றார்.

நான் காணவில்லை. பந்தைத்தான் பார்த்தேன். ஆனாலும் ஓம், கண்டேன் என்றேன். அவருடைய முகம் கொஞ்சம் இளகியது. அவருடைய எண் பலகையில் வந்தது, எழுந்து போனார். கால் மணி நேரத்தில் வெளியே வந்து, எனக்குக் கையைக் காட்டிவிட்டுப் படியிறங்கினார். அந்தக் கோடையிலேயே அவர் வேறு நாட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் இடைவேளையில் ஸ்டாப்லர்காரரிடம் அந்த ஆட்டக்காரரைச் சந்தித்ததைச் சொன்னேன். அவர் கோப்பியைக் கீழே வைத்தார். எங்களைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டார்.

"இல்லை. ஊன்றின கால் சறுக்கினதாம். அதை மட்டும்தான் சொன்னவர்."

அவர் கோப்பையின் விளிம்பை விரலால் துடைத்தார்.

"சறுக்கினதுதான். நான் கண்டனான்" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், "கண்ட பிறகுதான் கத்தினனான்."

நினைவில்லை என்று சொன்னவர். எல்லாம் நினைவிருந்திருக்கிறது. பிழை அந்த இளைஞனுடையதல்ல, புல்லினுடையது என்று தெரிந்துகொண்டே கத்தியிருக்கிறார். மணி அடித்தது. அவர் வண்டியில் ஏறினார். நான் மேசைக்குப் போனேன்.

அதற்குப் பிறகும் ஆறு வருடங்கள் ஒன்றாக வேலை செய்தோம். என் மகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கியபோது அவர் வந்தார். அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது நாங்கள் சோறு கொண்டுபோனோம். கழகம் இரண்டாம் பிரிவில் மூன்று பருவம் கிடந்து மேலே வந்தது. நான் எல்லா ஆட்டத்துக்கும் போகவில்லை, சிலவற்றுக்குப் போனேன். அதே படியில், அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். பெனால்ட்டி என்று விசில் ஊதினால் மட்டும் எல்லோரும் கோலைப் பார்ப்பார்கள். நான் அவருடைய வாயைப் பார்ப்பேன்.